இன்டர்நெட் அறுந்த இரவுக்கு ஒரு போன் நம்பர்

2019 அக்டோபர் கடைசி வாரம். வடக்குக் கலிபோர்னியாவில் காற்று வேகமெடுத்திருந்தது. அறுந்து விழும் மின்கம்பியே காட்டைப் பற்றவைத்துவிடும் என்ற அச்சத்தில் மின்நிறுவனம் லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரத்தை முன்கூட்டியே நிறுத்தியிருந்தது. சொனோமா கவுண்டியில் கின்கேட் தீ மலைச்சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குத் தெற்கே மரின் கவுண்டியில் செல்போன் கோபுரங்களில் பாதிக்கு மேல் செயலிழந்தன. வீட்டு ரௌட்டர் அணைந்தது, டிவி அணைந்தது, கைபேசியில் சிக்னல் இல்லை. ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது தீயணைப்புப் படையின் வயர்லெஸ் பேச்சு ஒன்றுதான். எந்தச் சாலை அடைபட்டது, எந்தத் தெருவைக் காலி செய்ய வேண்டும், காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதெல்லாம் அதில்தான் முதலில் வந்தது. அந்தப் பேச்சைப் பிடிக்கும் ஸ்கேனர் கருவி வைத்திருந்தவர்களுக்கு அது கேட்டது. மற்றவர்களில் பழைய செப்புக்கம்பி லேண்ட்லைன் வைத்திருந்தவர்களுக்கு, இருட்டிலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் வந்தது. அந்தக் கம்பிக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்து வருகிறது. வீட்டில் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்பது அதற்குப் பொருட்டல்ல.

அந்த வயர்லெஸ் பேச்சையும் இந்தக் கம்பியையும் சேர்த்து முடிச்சுப் போடுவதுதான் ஸ்கேனர் தொலைபேசி இணைப்பு. ஒரு எண்ணை அழைத்தால் மறுமுனையில் மனிதர் எடுக்கமாட்டார், தீயணைப்பு அலைவரிசை நேரடியாகக் காதில் ஒலிக்கும். ஆப் வேண்டாம், டேட்டா வேண்டாம், திரையைத் தொடவும் தெரிய வேண்டாம். அமெரிக்கச் சிற்றூர்களில் ரேடியோ ஆர்வலர்கள் கையில் இது சிறிய வேலை, செலவும் குறைவு. அதனால் விளையும் நன்மையும் பொறுப்பும் அப்படிச் சிறியவை அல்ல.

திறந்த காற்றில் ஒரு நூற்றாண்டு

டெட்ராய்ட் போலீஸ் 1928 ஏப்ரலில் ரோந்து கார்களுக்கு ரேடியோவில் உத்தரவு அனுப்பத் தொடங்கியது. கார்கள் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. 1933இல் நியூ ஜெர்சியின் பயோன் நகரம் இருவழிப் பேச்சைக் கொண்டுவந்தது. அன்றைய போலீஸ் அலைவரிசைகள் வழக்கமான வானொலி நிலையங்களுக்குச் சற்று மேலேதான் இருந்தன. வீட்டு வானொலிப் பெட்டிகள் பலவற்றில் ‘போலீஸ்’ என்றே ஒரு பட்டை அச்சிடப்பட்டிருக்கும். இரவு உணவுக்குப் பின் குடும்பமே உட்கார்ந்து அதைக் கேட்கும் வழக்கம் அப்படித்தான் பிறந்தது. 1938இல் நியூயார்க் புகைப்படக்காரர் வீஜி தன் காரிலேயே போலீஸ் ரேடியோ பொருத்த அனுமதி வாங்கினார். குற்றம் நடந்த இடத்துக்கு அவர் அத்தனை வேகமாகப் போய்ச் சேர்ந்ததன் காரணம் அதுதான்.

பல அலைவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிப் பார்த்து, எதில் பேச்சு வருகிறதோ அதில் நின்றுகொள்ளும் கருவியே ஸ்கேனர். 1970களில் அது அமெரிக்கக் கடைகளில் சாதாரணச் சரக்காகிவிட்டது. 2000களில் ஆர்வலர்கள் தங்கள் ஸ்கேனரின் ஒலியை இன்டர்நெட்டில் ஏற்றத் தொடங்கினர். இன்று பிராட்காஸ்டிஃபை என்ற தளத்தில் ஆயிரக்கணக்கான ஊர்களின் போலீஸ், தீயணைப்பு, ரயில்வே பேச்சு ஓடுகிறது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு உரையாடலுக்கு லைவ்ஏடிசி இருக்கிறது.

அப்படியிருக்க போன் நம்பர் எதற்கு? இன்டர்நெட் எட்டாத பள்ளத்தாக்கில் இருப்பவர், ஸ்மார்ட்போன் பழகாத முதியவர், பார்வையற்றவர், வண்டி ஓட்டிக்கொண்டே கேட்க வேண்டிய தொண்டர் என்று விடுபட்டவர்கள் பட்டியல் நீளமானது. அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவர் ஊதியமில்லாத் தொண்டர்கள். பண்ணையிலோ கடையிலோ இருக்கும்போதுதான் அவர்களுக்கு அழைப்பு வருகிறது.

---
பெட்டி: போனும் ரேடியோவும் போட்ட வழக்கு

டெக்சாஸைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர் 1959 முதல் ஒரு கருவியை விற்றார். டெலிபோன் ரிசீவரை அதன் தொட்டிலில் வைத்தால், மறுமுனையில் பேசுபவரின் குரல் இருவழி ரேடியோவில் ஒலிபரப்பாகும், ரேடியோவில் வரும் பதில் போனில் கேட்கும். எண்ணெய் வயல்களில் வேலை செய்பவர்களுக்குப் பெரிய உதவி. பெல் நிறுவனம் தன் இணைப்பில் வெளியார் கருவி எதையும் பொருத்தக் கூடாது என்று தடுத்தது. 1968இல் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, நெட்வொர்க்குக்குத் தீங்கு செய்யாத கருவியைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. மோடம், ஃபேக்ஸ், பதில்சொல்லும் கருவி எல்லாம் தாராளமாக வீடுகளுக்குள் நுழைந்தது இந்தக் ‘கார்ட்டர்ஃபோன்’ தீர்ப்புக்குப் பிறகுதான். வானொலியைத் தொலைபேசியில் இணைக்கும் உரிமையிலிருந்தே இத்தனையும் கிளைத்தன.
---

முடிச்சுப் போடும் விதம்

பழைய முறை எளிமையானது. ஸ்கேனரின் இயர்போன் துளையிலிருந்து ஒரு வயர், நடுவில் 600 ஓம் தனிப்படுத்தும் டிரான்ஸ்பார்மர், அப்பால் தானாகவே எடுக்கும் ஒரு பெட்டி, பிறகு டெலிபோன் லைன். டிரான்ஸ்பார்மரைத் தவிர்த்தால் லைனில் ‘ம்ம்ம்’ என்ற மின் இரைச்சல் ஏறும், எக்ஸ்சேஞ்ச் பக்கமிருந்து ஸ்கேனருக்கும் ஆபத்து. இந்த முறையில் ஒரு லைனில் ஒருவர்தான் கேட்க முடியும். இரண்டாமவருக்கு எங்கேஜ்டு டோன். தீ பரவும் இரவில் அந்த டோன் தரும் பதைப்பைச் சொல்லத் தேவையில்லை.

இன்றைய முறையில் ஒரு சிறிய கணினி நடுவே உட்காருகிறது. ராஸ்பெர்ரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணினியே போதும். அதில் ஓடுவது ஆஸ்டரிஸ்க் என்ற இலவச மென்பொருள். மார்க் ஸ்பென்சர் 1999இல் எழுதத் தொடங்கிய இது, ஒரு சாதாரணக் கணினியை அலுவலக டெலிபோன் எக்ஸ்சேஞ்சாக மாற்றிவிடும். இன்டர்நெட் வழியே தொலைபேசி சேவை தரும் நிறுவனத்திடம் உள்ளூர் எண் ஒன்று வாங்கி அந்தக் கணினிக்குத் திருப்பிவிட்டால் போதும். இதில் ஆர்வலர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி அழகானது. அழைத்தவரைக் காத்திருக்க வைத்துப் பாட்டுப் போடும் வசதி அலுவலக எக்ஸ்சேஞ்சுகளில் பொதுவாக உண்டு. அந்தப் பாட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஸ்கேனரின் ஒலியைக் கொடுத்துவிடுகிறார்கள். அழைப்பவர் கணக்குப்படி ‘காத்திருப்பில்’ இருக்கிறார், காதுக்குத் தீயணைப்பு அலைவரிசை வருகிறது. ஒரே ஒலியை எத்தனை பேருக்கும் பிரித்துக் கொடுக்கலாம். இன்னொரு வழி, எல்லோரையும் ஒரு கான்ஃபரன்ஸ் அறையில் சேர்த்து, ஸ்கேனர் தவிர மற்ற எல்லோரின் மைக்கையும் அடைத்துவிடுவது. மைக்கை அடைக்க மறந்தால் ஒருவர் வீட்டு நாய் குரைப்பது ஊருக்கே கேட்கும்.

ஒலித்தரத்தில் ஓர் இயல்பான பொருத்தம் அமைந்திருக்கிறது. தொலைபேசி கடத்துவது ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே. இசைக்கு அது போதாது. வயர்லெஸ் பேச்சோ அதே எல்லைக்குள் அடங்கும்படிதான் வடிவமைக்கப்பட்டது. அதனால் வானொலிப் பாட்டைப் போனில் கேட்டால் நொறுங்கிவிடும், ஸ்கேனர் பேச்சு ஏறக்குறைய முழுமையாக வந்து சேரும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பெரிய கவுண்டிகள் பலவும் பி25 என்ற டிஜிட்டல் முறைக்குப் போய்விட்டன. அதில் குரலே விநாடிக்கு 4,400 பிட்டாகச் சுருக்கப்பட்டு, பிழை திருத்தும் பிட்டுகளும் சேர்ந்து 7,200 ஆக அனுப்பப்படுகிறது. அதை மீண்டும் தொலைபேசிக்காக இறுக்கிச் சுருக்கினால் சொற்கள் குழைந்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் தொலைபேசிப் பக்கத்தில் விநாடிக்கு 64,000 பிட் கொண்ட பழைய முறையையே வைத்துக்கொள்கிறார்கள். கேட்பவர் செல்போனில் இருந்தால் அங்கே இன்னொரு சுருக்கம் உண்டு, அது யார் கையிலும் இல்லை.

பல டிஜிட்டல் அமைப்புகளில் அலைவரிசை நிலையாகவும் இருப்பதில்லை. கட்டுப்பாட்டுச் சேனல் ஒன்று ஒவ்வொரு பேச்சுக்கும் ஓர் இடத்தை ஒதுக்கிக்கொண்டே போகிறது. அதைப் பின்தொடரும் ஸ்கேனரின் விலை பல நூறு டாலர். மாற்று வழி 2012இல் பரவலானது. கணினியில் செருகி டிவி பார்க்க விற்ற மலிவான குச்சி ஒன்று, பரந்த அலைவரிசைப் பட்டையைக் கணினிக்குள் கொண்டுவரும் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். மீதி வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஒரே பேச்சைப் பல கோபுரங்கள் ஒருசேர ஒலிபரப்பும் இடத்தில், அலைகள் முன்பின்னாக வந்து மோதி டிஜிட்டல் குரல் சிதைந்துபோவது உண்டு. அங்கே ஒரே கோபுரத்தை நோக்கித் திருப்பிய திசை ஆன்டெனா உதவும்.

மௌனமும் ஒரு பிரச்சினை. சிற்றூரில் அரைமணி நேரம் யாரும் பேசாமல் இருக்கலாம். கேட்பவர் லைன் செத்துவிட்டது என்று வைத்துவிடுவார். நெடுநேரம் ஒலி வராத அழைப்பைத் தொலைபேசி நிறுவனத்தின் கருவி தானே துண்டிப்பதும் உண்டு. லேசான பின்னணி இரைச்சல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஊரின் பெயரையும் நேரத்தையும் சொல்லும் குரல் என்று நிரப்பிவைப்பது அவசியம். அழைத்தவுடன் ஓர் அறிவிப்பும் வேண்டும்: இது அரசின் அறிவிப்பு அல்ல, உதவி வேண்டுமானால் 911ஐ அழையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கணினி எங்கே இருக்கிறது என்பதே இணைப்பின் உயிரைத் தீர்மானிக்கிறது. ஸ்கேனர் கேட்கும் எல்லைக்குள்தான் இருக்க வேண்டும், அப்படியானால் ஊரில் கரண்ட் போகும்போது அதற்கும் போகும். ஆகவே ஆன்டெனாவும் ரிசீவரும் பேட்டரியோடும் மாற்று இன்டர்நெட்டோடும் ஊரில் இருக்க, அழைப்பை ஏற்கும் சர்வர் நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருப்பதே சரி. வீட்டிலிருந்து ஒரே ஓர் ஒலியோட்டம்தான் வெளியே போகும், பெருக்கிக் கொடுப்பது சர்வரின் வேலை. அமைதியான நாளில் மட்டும் வேலை செய்யும் ஸ்கேனர் லைனை ஊரார் நம்பத் தொடங்குவது, அப்படி ஒன்று இல்லாததைவிட ஆபத்தானது.

---
பெட்டி: செலவு எங்கே ஏறுகிறது

உள்ளூர் எண்ணுக்கு மாத வாடகை ஒரு டாலரையொட்டி. உண்மையான செலவு நிமிடக் கணக்கில் வருகிறது. நிமிடத்துக்கு 1 சென்ட் என்று வைத்துக்கொண்டால், 20 பேர் கேட்கும்போது ஒரு மணி நேரத்துக்கு 12 டாலர். எட்டு மணி நேரம் நீளும் தீ இரவுக்கு 96 டாலர். ஒவ்வொரு அழைப்பும் விநாடிக்கு ஏறக்குறைய 87,000 பிட் எடுப்பதால் 20 அழைப்புக்கு வேண்டிய இன்டர்நெட் வேகம் விநாடிக்கு 17 லட்சம் பிட்டைத் தாண்டும். வெளிநாட்டு வானொலிகளைப் புலம்பெயர்ந்தோருக்கும் டாக்சி ஓட்டுநர்களுக்கும் போனில் இலவசமாகக் கேட்கவைத்த சேவைகள் வேறு வழி வைத்திருந்தன. அயோவா, தெற்கு டகோட்டா போன்ற மாநிலங்களின் கிராமப்புற எண்களுக்கு வரும் அழைப்புக்குப் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் தர வேண்டியிருந்தது. அதில் ஒரு பங்கு சேவை நடத்துபவருக்கு வந்தது. 2011லும் 2019லும் எஃப்சிசி கொண்டுவந்த விதிகள் அந்த ஊற்றை அடைத்தன.
---

எதைக் கேட்கவிடலாம்?

1934 தகவல்தொடர்புச் சட்டத்தின் 705ஆவது பிரிவு, தனக்கு வராத ரேடியோ செய்தியைப் பிடித்து மற்றவருக்கு வெளிப்படுத்துவதைத் தடுக்கிறது. விலக்குகளும் அதிலேயே உள்ளன. பொதுமக்களுக்கான ஒலிபரப்பு, அமெச்சூர் ரேடியோ, ஆபத்தில் சிக்கிய கப்பல், விமானம், மனிதர் தொடர்பான பேச்சு ஆகியவற்றுக்குத் தடை இல்லை. 1986 மின்னணுத் தகவல் தனியுரிமைச் சட்டம், யாரும் எளிதில் பிடிக்கக்கூடிய போலீஸ், தீயணைப்புப் பேச்சைக் கேட்பதைக் குற்றமல்ல என்றது. மறையாக்கம் செய்யப்பட்ட பேச்சு அந்த விலக்கில் சேராது. செல்போன் பேச்சைக் கேட்பது அறவே குற்றம். 1994 ஏப்ரல் முதல் செல்போன் அலைவரிசையைப் பிடிக்கும் ஸ்கேனரைத் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ தடை. 1996 டிசம்பரில் புளோரிடாத் தம்பதியர், நாடாளுமன்ற அவைத்தலைவர் நியூட் கிங்ரிச் பங்கேற்ற செல்போன் உரையாடலை ஸ்கேனரில் பிடித்துப் பதிவுசெய்து, பின்னர் அபராதம் கட்டினர்.

மாநிலச் சட்டங்கள் தனி. நியூயார்க், புளோரிடா உள்ளிட்ட சில மாநிலங்கள் காருக்குள் ஸ்கேனர் வைப்பதையே கட்டுப்படுத்துகின்றன. அதே ஒலி போன் வழியே காருக்குள் வரும்போது என்னவாகும் என்ற கேள்வி இந்த லைனை நடத்துபவர் முன்னும் நிற்கிறது. கேட்பவரிடம் கட்டணம் வாங்கினால் சட்டத்தின் கண்ணில் நிலைமை மோசமாகும். ஆகவே இலவசமாகத் தருவதே நல்லது.

இந்தச் சட்ட வரம்புக்குள் மிகத் தெளிவான இடம் தீயணைப்பு, வானிலை, அமெச்சூர் ரேடியோ ஆகியவற்றுக்குத்தான். வானிலையை அரசே இப்படிப் போனில் தருகிறது. அமெரிக்க விமான நிலையங்களின் தானியங்கி வானிலை நிலையங்கள் தங்கள் அளவீடுகளை ரேடியோவில் ஓயாமல் படிக்கின்றன. அதே குரலை விமானிகள் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம், எண்கள் அதிகாரபூர்வக் கையேட்டிலேயே அச்சிடப்படுகின்றன. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வடகரோலினா மலைப்பகுதியைத் துண்டித்தபோது, பேச்சைப் பிடித்து மறுபடி ஒலிபரப்பும் மிட்செல் மலையுச்சியின் அமெச்சூர் ரிப்பீட்டர் நாள்கணக்கில் ஊர்களுக்கு உயிர்நாடியாக இருந்தது. உறவினரைத் தேடியவர்கள் வெளியூர்களிலிருந்து அதைக் கேட்டுக் காத்திருந்தார்கள். தொலைபேசியில் ஏற்றுவதற்கு இதைவிடத் தகுதியான பேச்சு இல்லை.

---
பெட்டி: இந்தியாவில்?

அமெரிக்க வழக்கத்தை இங்கே அப்படியே செய்து பார்க்க முடியாது. உரிமமோ விலக்கோ இல்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருப்பதையே 1933 இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டம் குற்றமாக்கியது. போலீஸ் பேச்சைக் கேட்க இங்கே பொதுவிலக்கு கிடையாது. இன்டர்நெட் அழைப்பைப் பொதுத் தொலைபேசியோடு இணைப்பதற்கும் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன.
---

காதுக்கு வந்தது எல்லாம் செய்தி அல்ல

ஸ்கேனரில் வருவது பாதி வெந்த தகவல். “ஆயுதம் இருக்கலாம்”, “இருவர் சிக்கியிருக்கலாம்” என்று கட்டுப்பாட்டறை சொல்வதெல்லாம் யாரோ பதற்றத்தில் அழைத்துச் சொன்னவை. களத்துக்குப் போனவர் பத்து நிமிடத்தில் அதைத் திருத்துவார். திருத்தத்தைக் கேட்க எல்லோரும் காத்திருப்பதில்லை. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின் நடந்த தேடுதலை ஏராளமானோர் இன்டர்நெட் ஸ்கேனரில் கேட்டனர். போலீஸார் நிற்கும் இடங்களைப் பரப்பாதீர்கள் என்று பாஸ்டன் காவல்துறை கெஞ்ச வேண்டியிருந்தது. அந்தத் தேடுதல் இரவில், காணாமல்போயிருந்த அப்பாவி மாணவர் ஒருவரின் பெயரைப் போலீஸ் ரேடியோவில் சொன்னார்கள் என்ற பொய் காட்டுத்தீயாய்ப் பரவியது. பின்னர் ஒலிப்பதிவுகளைத் தேடியவர்களுக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை. அந்த மாணவர் இறந்துவிட்டிருந்தார். அவரைத் தேடித் தவித்துக்கொண்டிருந்த குடும்பம், உலகம் அவரைக் கொலைகாரர் என்று அழைத்ததையும் தாங்க வேண்டியிருந்தது.

அந்தரங்கம் இன்னொரு காயம். ஆம்புலன்ஸ் அலைவரிசையில் வயது, நோய், வீட்டு முகவரி, தற்கொலை முயற்சி எல்லாம் வரும். சிற்றூரில் முகவரி சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரரின் மாரடைப்பை ஊர் முழுக்கப் போனில் கேட்க எந்த நியாயமும் இல்லை. பொறுப்புள்ள நடத்துநர்கள் மருத்துவச் சேனல்களைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுகிறார்கள். தீயணைப்பும் ஆம்புலன்ஸும் ஒரே சேனலைப் பகிரும் ஊர்களில், பெருந்தீயின்போது தனியாக ஒதுக்கப்படும் களச் சேனலை மட்டும் திறப்பது கௌரவமான வழி.

நன்மையின் பக்கமும் கனமானது. 2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரை எரித்த ‘கேம்ப்’ தீயில் 85 பேர் இறந்தனர். பலருக்கு வெளியேறச் சொல்லும் எச்சரிக்கையே வந்து சேரவில்லை. அந்த அனுபவங்களின் பின்னணியில் 2021இல் சொனோமாவில் தொடங்கிய ‘வாட்ச் டியூட்டி’ ஆப், தொண்டர்கள் ஸ்கேனரைக் கேட்டுச் சரிபார்த்து எழுதும் தகவலை வரைபடத்தில் காட்டுகிறது. 2025 ஜனவரி லாஸ் ஏஞ்சலஸ் தீயின்போது லட்சக்கணக்கானோர் அதை நம்பியிருந்தனர். பச்சையாக வரும் பேச்சுக்கும் மக்களுக்கும் நடுவே பயிற்சி பெற்ற காது ஒன்று இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சான்று. தொலைபேசி லைனிலும் இதைச் செய்யலாம். எண் 1 அழுத்தினால் நேரடிப் பேச்சு, 2 அழுத்தினால் தொண்டர் ஒருவர் கடைசியாகப் பதிவுசெய்த நிலவரச் சுருக்கம். பதற்றத்தில் இருக்கும் முதியவருக்கு இரண்டாவதுதான் உதவும்.

மூடிக்கொள்ளும் காற்று

போலீஸ் துறைகள் ஒவ்வொன்றாக மறையாக்கத்துக்கு மாறுகின்றன. டென்வர் 2019இல் மாறியது. சிகாகோ 2022இல் மாறத் தொடங்கி, பொதுமக்களுக்கு 30 நிமிடம் தாமதித்த ஒலியை மட்டும் தருகிறது. நியூயார்க் காவல்துறை ஏறக்குறைய 39 கோடி டாலர் செலவில் புதிய அமைப்பைக் கட்டி, 2023இல் சேனல்களை மூடத் தொடங்கியது. கலிபோர்னியாவில் 2020 அக்டோபரில் மாநில நீதித்துறை, தனிநபர் விவரங்களைத் திறந்த ரேடியோவில் சொல்லக் கூடாது என்றது. பல நகரங்கள் அதைக் காரணமாக்கி மொத்தப் பேச்சையும் மூடின. பாலோ ஆல்டோ 2021 தொடக்கத்தில் மூடி, மக்கள் எதிர்ப்புக்குப் பின் 2022இல் மீண்டும் திறந்தது. பெயரையும் உரிம எண்ணையும் மட்டும் வேறு வழியில் அனுப்பினால் போதும், முழுப் பேச்சையும் பூட்ட வேண்டாம் என்று அந்நகரம் நடத்திக் காட்டியது. 30 நிமிடத் தாமதம் போலீஸ் பேச்சுக்குப் பொருந்தலாம். தீ பரவும் ஊரில் அரைமணி பழைய தகவல், தகவலே அல்ல.

தீயணைப்பு அலைவரிசைகள் பெரும்பாலும் இன்னும் திறந்தே இருக்கின்றன. பக்கத்துக் கவுண்டிப் படைகள் உதவிக்கு வரும்போது ஒருவர் பேச்சை ஒருவர் கேட்க முடியாமல் போகும் என்ற நடைமுறைக் காரணம் அவற்றைக் காக்கிறது. ஆனால் போலீஸும் தீயணைப்பும் ஒரே அமைப்பைப் பகிரும் கவுண்டிகளில், ஒன்றைப் பூட்டும்போது மற்றொன்றும் சேர்ந்து பூட்டப்படும் அபாயம் இருக்கிறது. அதைத் தடுக்க வேண்டிய இடம் கவுண்டி மன்றக் கூட்டம், புதிய ரேடியோ அமைப்பை வாங்கும் ஒப்பந்தம் விவாதிக்கப்படும் நாள். கருவிகள் வந்த பின் பேசிப் பயனில்லை.

மறுமுனையில் செப்புக்கம்பியும் போய்க்கொண்டிருக்கிறது. ஏடி&டி நிறுவனம் கலிபோர்னியா நீங்கலாகத் தன் எல்லையின் பெரும்பகுதியில் 2029க்குள் செம்புச் சேவையை முடித்துக்கொள்ளப் போவதாக அறிவித்திருக்கிறது. கலிபோர்னியாவில் கேட்கும் எல்லோருக்கும் அடிப்படைத் தொலைபேசி தர வேண்டிய ‘கடைசிப் புகலிட’க் கடமையிலிருந்து விடுவிக்கக் கோரிய அதன் மனுவை மாநிலப் பொதுப்பயன் ஆணையம் 2024 ஜூனில் தள்ளுபடி செய்தது. அதனால் அங்கே மலைக்கிராமங்களின் டயல் டோன் இப்போதைக்குத் தொடர்கிறது. மற்ற மாநிலங்களில் வீட்டு போன் ஃபைபருக்கோ வயர்லெஸ் பெட்டிக்கோ மாறுகிறது. அந்தப் பெட்டிக்கு வீட்டிலேயே மின்சாரம் வேண்டும். எனவே அந்த ஊர்களில் ஸ்கேனர் லைன் தொடங்குபவர், எண்ணை அச்சிட்டு வீடுவீடாகக் கொடுக்கும்போது பெட்டிக்கான பேட்டரியைப் பற்றியும் அதே தாளில் எழுதித் தர வேண்டியிருக்கிறது.